ஒரு சவுண்ட் கார்டு, மூன்று டிரைவர்: லினக்சில் சத்தம் எங்கே நிற்கிறது?

லினக்சின் மையமான கர்னலின் அப்டேட் முடிந்து லேப்டாப் மறுபடி எழுகிறது. திரை வருகிறது, வைஃபை வருகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. சவுண்ட் செட்டிங்ஸைத் திறந்தால் 'டம்மி அவுட்புட்' என்று ஒரே ஒரு வரி. இணையத்தில் தேடினால் கிடைக்கும் வைத்தியம் ஏறக்குறைய ஒன்றுதான்: கர்னலின் ஒலிப் பகுதியான அல்சாவை நீக்கிவிட்டுத் திரும்பப் போடு, அந்த டிரைவர் மாட்யூலை ஏறவிடாமல் பிளாக்லிஸ்ட் செய், பல்ஸ்ஆடியோவை நிறுத்து. இவற்றில் ஏதோ ஒன்று பலிக்கவும் செய்யும். எது, ஏன் பலித்தது என்று தெரியாமல் விட்டுவிட்டால், இன்றைய வைத்தியமே அடுத்த வருடத்து நோயாக வந்து நிற்கும்.

'டிரைவர் மோதல்' என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையில் மூன்று தனித்தனிச் சண்டை. முதலாவது கர்னலுக்குள் நடப்பது: ஒரே சில்லுக்கு இரண்டு மூன்று மாட்யூல்கள் உரிமை கொண்டாடுகின்றன. இரண்டாவது வரிசை எண் தகராறு: கார்டுகள் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் இயல்பாகச் சத்தம் போகும் 0 என்ற எண் மானிட்டருக்கான எச்டிஎம்ஐக்குப் போய்விட்டது. மூன்றாவது கர்னலுக்கு வெளியே, ஆப்களின் சத்தத்தை வாங்கிக் கார்டுக்கு அனுப்பும் பல்ஸ்ஆடியோ, பைப்வயர் போன்ற சவுண்ட் சர்வர்களுக்கு இடையே நடப்பது. ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் குணமாகாது; சில நேரம் முற்றிவிடும். அதனால் கீழிருந்து மேலே ஏறிப் பார்ப்பதே சரியான வழி. (இங்கே கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் உச்சரிப்பில் எழுதப்பட்டுள்ளன, டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

சில்லு யார் கையில்?

முதல் கட்டளை 'எல்எஸ்பிசிஐ -என்என்கே'. கணினியின் உள் இணைப்பான பிசிஐ பஸ்ஸில் உள்ள எல்லாச் சாதனங்களையும், அவற்றின் அடையாள எண்களோடும் டிரைவர்களோடும் இது காட்டும். அதில் 'ஆடியோ' என்று வரும் பகுதியைத் தேடிப் பிடியுங்கள். இன்டெல் லேப்டாப்களில் அது பெரும்பாலும் 00:1எஃப்.3 என்ற முகவரியில் இருக்கும். பத்தாம் தலைமுறை காமெட் லேக் லேப்டாப் ஒன்றில் அடையாள எண் 8086:02சி8 என்று வரும். 8086 என்பது இன்டெல்லின் எண். அதன் கீழே நமக்கு வேண்டியவை இரண்டே வரிகள். 'கர்னல் மாட்யூல்ஸ்' என்ற வரி, இந்தச் சில்லை எடுத்துக்கொள்ளத் தகுதி உள்ளவர்களின் பட்டியல். 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி, இப்போது உண்மையில் எடுத்துக்கொண்டிருப்பவர் பெயர்.

பட்டியலில் மூன்று பெயர் இருப்பதைப் பார்த்ததும் பலர் மோதல் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது மோதலே இல்லை. தகுதி எத்தனை பேருக்கு இருந்தாலும் ஒரு சாதனத்தை ஒரு நேரத்தில் ஒரு டிரைவர்தான் பிடிக்க முடியும். 'இன் யூஸ்' வரியே காணவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். எல்லாருமே விலகிவிட்டார்கள், அல்லது ஒருவர் முயன்று தோற்றுவிட்டார், அல்லது யாரோ கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள்.

ஏஎம்டி லேப்டாப்களில் இந்தப் பட்டியல் இன்னும் மிரட்டும். 1022:15இ2 என்ற எண்ணுள்ள ஆடியோ கோ-பிராசசருக்கு எதிரே ஏழெட்டு மாட்யூல் பெயர்கள் வரிசையாக நிற்கும். ஏஎம்டி பல தலைமுறைச் சில்லுகளுக்கும் அதே எண்ணை வைத்துக்கொண்டு, ரிவிஷன் எண்ணை மட்டும் மாற்றியதுதான் காரணம். ஒவ்வொரு மாட்யூலும் ரிவிஷனைப் பார்த்து, தனக்குரியது இல்லையென்றால் ஒதுங்கிக்கொள்ளும். இதில் எதையும் பிளாக்லிஸ்ட் செய்ய வேண்டியதில்லை. அந்தச் சில்லின் முக்கிய வேலை லேப்டாப்பின் உள் மைக். ஸ்பீக்கர் பொதுவாக 1022:15இ3 என்ற இன்னொரு சாதனத்தில் இருக்கும். ஸ்பீக்கர் பாடுகிறது, உள் மைக் மட்டும் இல்லை என்றால், உங்கள் மாடலின் பெயர் கர்னலுக்குள் உள்ள மாடல் பட்டியலில் இன்னும் சேரவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். புதிய கர்னல்தான் அதற்கு வழி.

இன்டெல்லில் ஏன் மூன்று டிரைவர்?

2004-இல் இன்டெல் எச்டி ஆடியோ (சுருக்கமாக எச்டிஏ) என்ற தரத்தை வெளியிட்டது. கன்ட்ரோலர் சிப்செட்டுக்குள், டிஜிட்டல் ஒலியை ஸ்பீக்கருக்கு ஏற்ற மின்னலையாக மாற்றும் கோடெக் என்னும் சிறு சில்லு மதர்போர்டில், இரண்டுக்கும் நடுவே ஒரு இணைப்பு: அமைப்பு அவ்வளவுதான். அதற்கு எஸ்என்டி_எச்டிஏ_இன்டெல் என்ற ஒரே மாட்யூல் பல வருடம் போதுமானதாக இருந்தது.

பிறகு சிப்செட்டுக்குள் டிஎஸ்பி என்ற ஒலிக் கணிப்பி வந்தது. திரையின் மேல் விளிம்பில் இருக்கும் டிஜிட்டல் மைக்குகளை லேப்டாப் தயாரிப்பாளர்கள் கோடெக்கோடு சேர்க்காமல் நேரே அந்த டிஎஸ்பியோடு சேர்த்தார்கள். பழைய டிரைவருக்கு டிஎஸ்பியைப் பேசவைக்கத் தெரியாது. அதற்காக இன்டெல் முதலில் எஸ்என்டி_எஸ்ஓசி_எஸ்கேஎல் என்ற ஸ்கைலேக் டிரைவரை எழுதியது. 2018-இல் சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர் என்ற திறந்த மூலத் திட்டத்தை அறிவித்தது. பெயரில் எஸ்ஓஎஃப் என்று வரும் மாட்யூல்கள் அங்கிருந்து வந்தவை. ஸ்கைலேக் டிரைவர் பின்னர் நீக்கப்படும்வரை, காமெட் லேக் லேப்டாப்பில் மூன்று பெயரும் வரிசையாகத் தெரிந்தது இதனால்தான்.

மூன்று பேரும் ஒரே சில்லைக் கேட்டால் யார் தீர்ப்பது? 2020 தொடக்கத்தில் வந்த 5.5 கர்னலிலிருந்து எஸ்என்டி_இன்டெல்_டிஎஸ்பிசிஎஃப்ஜி என்ற சிறு மாட்யூல் நடுவராக உட்கார்ந்திருக்கிறது. சில்லின் பிசிஐ வகை எண்ணை அது முதலில் பார்க்கும். 0403 என்று மட்டும் இருந்து, அதோடு வரும் துணை எண்ணான புரோக்-இஃப் மதிப்பு 00 என்றால் டிஎஸ்பி பயாஸிலேயே அணைந்திருக்கிறது. பழைய டிரைவர் போதும். 0401 என்றாலோ, புரோக்-இஃப் 80 என்றாலோ டிஎஸ்பி விழித்திருக்கிறது. அடுத்து பயாஸ் தரும் அட்டவணையில் டிஜிட்டல் மைக் உண்டா என்று பார்க்கும். உண்டென்றால் சில்லு எஸ்ஓஎஃப் கைக்குப் போகும். கர்னல் பதிவில், அதாவது 'டிஎம்இஎஸ்ஜி' கட்டளையில், ஸ்கைலேக்கும் அதற்குப் பிந்தைய தளத்திலும் டிஜிட்டல் மைக் கண்டேன், எஸ்ஓஎஃப் டிரைவரைப் பயன்படுத்துகிறேன் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதைப் பிழைச் செய்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நடுவரின் தீர்ப்பு அது.

தீர்ப்பு சரியாக இருந்தும் சத்தம் வராமல் போவதற்கு முதல் காரணம் ஃபர்ம்வேர். டிஎஸ்பிக்குள் ஏற்ற வேண்டிய கோப்பு வட்டில் இல்லை. பழைய டிரைவர் விலகிவிட்டது, புதிய டிரைவரால் எழ முடியவில்லை. நடுவில் சில்லு அனாதை. பதிவில் டிஎஸ்பி ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை என்ற வரியின் கடைசியில் -2 என்று ஒரு எண் நிற்கும். கர்னல் மொழியில் -2 என்றால் 'அப்படி ஒரு கோப்பே இல்லை'. அந்த ஒரு எண் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். டெபியனில் 'ஃபர்ம்வேர்-சோஃப்-சைன்ட்', ஃபெடோராவில் 'அல்சா-சோஃப்-ஃபர்ம்வேர்', ஆர்ச்சில் 'சோஃப்-ஃபர்ம்வேர்' என்ற பொதியை நிறுவி ரீபூட் செய்தால் முடிந்தது. டெபியன் 12-இல் இருப்பவர்கள், இலவசமல்லாத ஃபர்ம்வேருக்கென்று பிரித்து வைக்கப்பட்ட பகுதி ஆப்ட் மூலப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேம்படுத்தி வந்த பழைய கணினிகளில் அது விட்டுப்போவது வழக்கம். இதோடு 'அல்சா-யூசிஎம்-கான்ஃப்' பொதியும் வேண்டும். அது பழையதாக இருந்தால் கார்டு தெரியும், ஆனால் ஸ்பீக்கர், ஹெட்ஃபோன், மைக் என்ற பிரிவுகள் சரியாக வராது.

ஒரு முறை மட்டும் சோதிப்பது எப்படி

எந்தக் கோப்பையும் தொடாமல் டிரைவரை மாற்றிப் பார்க்கலாம். கணினி எழும்போது வரும் கிரப் என்ற பூட் மெனுவில் 'இ' விசையை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு எஸ்என்டி_இன்டெல்_டிஎஸ்பிசிஎஃப்ஜி.டிஎஸ்பி_டிரைவர்=1 என்று சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். 1 என்றால் பழைய எச்டிஏ டிரைவர், 2 ஸ்கைலேக் டிரைவர் (புதிய கர்னல்களில் அது நீக்கப்பட்டுவிட்டது), 3 எஸ்ஓஎஃப், 4 ஸ்கைலேக் டிரைவருக்கு மாற்றாக எழுதப்பட்ட ஏவிஎஸ். 0 என்றால் நடுவர் இஷ்டம். அடுத்த பூட்டில் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

1 போட்டதும் ஸ்பீக்கர் பாடினால் பலர் அதையே நிரந்தரமாக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். மறுநாள் ஒரு வீடியோ கூட்டத்தில் உட்காரும்போதுதான் உள் மைக் இல்லை என்று தெரியவரும். மைக் டிஎஸ்பியில் இருக்கிறது. டிஎஸ்பியைப் பேசவைக்கத் தெரியாத டிரைவரை நாமே தேர்ந்தெடுத்துவிட்டோம். ஹெட்செட் மைக்கே போதும் என்பவர்களுக்கு 1 நல்ல தீர்வுதான். மற்றவர்கள் அதை ஒரு தடயமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்: கோடெக் நலம், ஒயரிங் நலம், சிக்கல் எஸ்ஓஎஃப் பக்கம் என்று அது சொல்கிறது. திரும்ப 0-க்கு வந்து ஃபர்ம்வேரையும் யூசிஎம்மையும் கவனியுங்கள். புதிய லேப்டாப்கள் சிலவற்றில் கோடெக் எச்டிஏ இணைப்பிலேயே இருக்காது. சவுண்ட்வயர் அல்லது ஐ2எஸ் என்ற வேறு இணைப்பு வழியாக இருக்கும். அங்கே 1 போட்டால் எச்டிஎம்ஐ தவிர வேறெதுவும் மிஞ்சாது.

எஸ்என்டி_எச்டிஏ_இன்டெல்லுக்கு டிமைக்_டிடெக்ட்=0 கொடு என்ற குறிப்பும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது இதே வேலையின் பழைய வடிவம். இன்றைய கர்னலில் அதைக் கைவிடப்பட்டது என்று குறித்தே வைத்திருக்கிறார்கள்.

எண் 0 யாருக்கு?

'/புராக்/ஏசவுண்ட்/கார்ட்ஸ்' கோப்பை 'கேட்' கட்டளையால் படித்தால் கர்னல் பதிவு செய்த கார்டுகள் எண்ணோடு வரும். டெஸ்க்டாப் ஒன்றில் 0-இல் என்விடியாவின் எச்டிஎம்ஐ, 1-இல் மதர்போர்டின் பிசிஎச் என்று இருப்பது சகஜம். கிராஃபிக்ஸ் கார்டு ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு எச்டிஏ கன்ட்ரோலரை உள்ளே வைத்திருக்கிறது. யார் முதலில் எழுந்தார்களோ அவர்களுக்கு 0. கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு எழும் வரிசை மாறலாம். அல்சாவை நேரடியாகப் பயன்படுத்தும் புரோகிராம், யாரும் வேறெதுவும் சொல்லாவிட்டால் 0-க்குத்தான் அனுப்பும். மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லை. சத்தம் போய்ச் சேர்ந்தது, கேட்கத்தான் ஆளில்லை.

மாட்யூல்களுக்கான அமைப்புகள் இருக்கும் '/இடிசி/மோட்புரோப்.டி' அடைவில் ஒரு கோப்பு வைத்து, 'ஆப்ஷன்ஸ் எஸ்என்டி_எச்டிஏ_இன்டெல் இன்டெக்ஸ்=1,0' என்று எழுதினால் முதலில் எழுவது 1, அடுத்தது 0 என்று தலைகீழாகும். யூஎஸ்பி ஹெட்செட் செருகியபடியே பூட் செய்யும்போது அது 0-ஐப் பிடித்துக்கொள்வதைத் தடுக்க, எஸ்என்டி_யூஎஸ்பி_ஆடியோவுக்கு இன்டெக்ஸ்=-2 கொடுப்பார்கள். இந்த -2 ஒரு மாய எண் போலத் தோன்றும். எதிர்மறை எண்ணை அல்சா பிட் முகமூடியாகப் படிக்கிறது: -2-ஐ இருமத்தில் எழுதினால் கடைசி பிட் மட்டும் 0, மற்றதெல்லாம் 1. அதாவது 0-ஆம் இடம் தவிர வேறெங்கு வேண்டுமானாலும் உட்கார். மேலே ஃபர்ம்வேர் பிழையில் பார்த்த -2-க்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பைப்வயரோ பல்ஸ்ஆடியோவோ ஓடும் டெஸ்க்டாப்பில் இந்த எண் வேலை பெரும்பாலும் வீண். அவை கார்டை எண்ணால் நினைவில் வைப்பதில்லை; பிசிஐ முகவரியைக் கொண்டு பெயர் வைத்துக்கொள்கின்றன. சவுண்ட் செட்டிங்ஸில் சரியான அவுட்புட்டை ஒருமுறை தேர்ந்தெடுத்தால் போதும். டெர்மினலில் என்றால் 'டபிள்யூபிசிடிஎல் ஸ்டேட்டஸ்' காட்டும் எண்ணை 'டபிள்யூபிசிடிஎல் செட்-டிஃபால்ட்' கட்டளைக்குக் கொடுக்கலாம். சவுண்ட் சர்வர் இல்லாமல் பாட்டுப் பெட்டியாக ஓடும் சிறு கணினிகளில்தான் எண் முக்கியம். அங்கும் '/இடிசி/ஏசவுண்ட்.கான்ஃப்' கோப்பில் எண்ணுக்குப் பதில் பிசிஎச் போன்ற கார்டின் பெயரை எழுதுவது நல்லது. எண் மாறும், பெயர் அவ்வளவு எளிதில் மாறாது.

கர்னலா, அதற்கு மேலா?

எல்லா ஆப்களையும் மூடிவிட்டுப் பத்து விநாடி பொறுங்கள். சும்மா இருக்கும் கார்டைப் பைப்வயர் 5 விநாடியில் விட்டுவிடும். பிறகு 'ஸ்பீக்கர்-டெஸ்ட் -டி பிளக்எச்டபிள்யூ:1,0 -சி 2 -டி வேவ்' என்று அடியுங்கள். முதல் 'டி' பெரிய எழுத்து, மற்ற இரண்டும் சிறிய எழுத்து. 1,0 என்ற இடத்தில் 'ஏபிளே -எல்' (சிறிய எழுத்து) காட்டும் உங்கள் கார்டு எண்ணும் டிவைஸ் எண்ணும் வர வேண்டும். இடப் பக்கம், வலப் பக்கம் என்று ஒரு குரல் ஆங்கிலத்தில் மாறி மாறிச் சொன்னால் கர்னல் தன் வேலையைச் செய்துவிட்டது. அதன் பிறகு மோட்புரோப் பக்கமே போகாதீர்கள்.

கட்டளை பிழையின்றி ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால் 'அல்சாமிக்சர்' திறந்து எஃப்6-இல் சரியான கார்டைத் தேர்ந்தெடுங்கள். பட்டைக்குக் கீழே 'எம்எம்' என்று இருந்தால் வாய் கட்டியிருக்கிறது. 'எம்' விசையை அழுத்தினால் '00' ஆகும். 'ஆட்டோ-மியூட் மோட்' என்ற பட்டையையும் பாருங்கள். ஹெட்ஃபோன் செருகியிருப்பதாக ஜாக் பொய் சொன்னால் இது ஸ்பீக்கரை அடக்கி வைத்திருக்கும்.

சாதனம் பிஸி என்று பிழை வந்தால் 'ஃபியூசர் -வி /டெவ்/எஸ்என்டி/*' கேளுங்கள். எந்தப் புரோகிராம் எந்தக் கோப்பைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடும். 'கன்ட்ரோல்சி0' என்ற கோப்பைச் சவுண்ட் சர்வர் பிடித்திருப்பது இயல்பு. 'பிசிஎம்சி0டி0பி' என்று 'பி'-யில் முடியும் கோப்புதான் ஒலிபரப்பு; 'சி'-யில் முடிவது பதிவு. அந்த 'பி' கோப்பை வேறொரு புரோகிராம் வைத்துக்கொண்டிருந்தால் மற்ற எல்லாருக்கும் மௌனம்தான்.

இங்கே அதிகம் சிக்குவது இரண்டு சர்வர்கள் ஒரே நேரத்தில் ஓடுவது. ஃபெடோரா 2021-இல் 34-ஆம் பதிப்பிலேயே பைப்வயருக்கு மாறிவிட்டது, உபுண்டு 22.10-இல் மாறியது. உபுண்டு 22.04-இல் பைப்வயர் திரைப் பகிர்வுக்கு மட்டும் இருந்தது, சத்தம் பல்ஸ்ஆடியோ கையில். அங்கிருந்து பாதி மாற்றிய கணினிகளில் இரண்டும் ஒரு கார்டுக்கு மல்லுக்கட்டும். 'பேக்டிஎல் இன்ஃபோ' என்று கேட்டால் சர்வரின் பெயர் வரும். அதில் பல்ஸ்ஆடியோ என்பதோடு 'ஆன் பைப்வயர்' என்றும் இருந்தால் பைப்வயர்தான் பல்ஸ் வேடத்தில் ஓடுகிறது, நல்லது. வெறும் பல்ஸ்ஆடியோ என்று இருந்து பைப்வயரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால் அதுதான் சண்டை.

பல்ஸ்ஆடியோவின் சர்வீஸை மட்டும் நிறுத்தினால் நிற்காது. ஆப்கள் அதை அழைக்கும் வாசலாக அதற்கு ஒரு சாக்கெட் உண்டு. ஏதாவது ஒரு ஆப் அந்தச் சாக்கெட்டைத் தட்டியதும், சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அதைத் திரும்ப எழுப்பிவிடும். 'சிஸ்டம்சிடிஎல் --யூசர் மாஸ்க்' கட்டளைக்கு பல்ஸ்ஆடியோ.சர்வீஸ், பல்ஸ்ஆடியோ.சாக்கெட் இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சூடோ போடக் கூடாது. இவை பயனர் சர்வீஸ்கள். அதேபோல் பைப்வயரின் பழைய மேலாளரான 'பைப்வயர்-மீடியா-செஷன்' பொதியும் இன்றைய 'வயர்பிளம்பர்' பொதியும் சேர்ந்து இருக்கக் கூடாது.

விண்டோஸும் இருக்கும் கணினியில் ஒரு தனிச் சிக்கல். விண்டோஸிலிருந்து நேரே ரீஸ்டார்ட் செய்து லினக்சுக்கு வந்தால், கோடெக் விண்டோஸ் விட்டுச்சென்ற நிலையிலேயே இருந்து ஊமையாகலாம். முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, அரை நிமிடம் கழித்து எழுப்புங்கள். சத்தம் வந்தால், அணைக்கும்போதும் முழுதாக அணையவிடாத விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிட்டு, இனி ரீஸ்டார்ட்டுக்குப் பதில் முழுதாக அணைத்தே லினக்சுக்கு வாருங்கள். டிரைவர் மேல் பழி இல்லை.

பழைய மருந்தின் மிச்சம்

பல வருடமாக மேம்படுத்தி வந்த கணினியில், மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்பே 'கிரெப் -ஆர் எஸ்என்டி /இடிசி/மோட்புரோப்.டி' அடித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். எப்போதோ எந்தக் கர்னலுக்காகவோ எழுதிய டிஎஸ்பி_டிரைவர்=1, வேறு யாருடைய லேப்டாப்புக்கோ பொருந்திய மாடல்= என்ற வரி, பிளாக்லிஸ்ட் வரிகள் எல்லாம் அங்கே உறங்கிக்கொண்டிருக்கும். 'மைக் திடீரென்று போய்விட்டது' என்ற புகார்களில் பல இங்கேதான் முடிகின்றன. '/புராக்/சிஎம்டிலைன்' கோப்பையும் ஒரு முறை பாருங்கள். கிரப்பில் சேர்த்து மறந்தது அங்கே தெரியும்.

மோட்புரோப்.டி அடைவில் கோப்பின் பெயர் '.கான்ஃப்' என்று முடிய வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே என்ன எழுதினாலும் கணக்கில் வராது. மாட்யூல் பெயரில் அடிக்கோடும் இணைகோடும் ஒன்றே, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். பிளாக்லிஸ்ட் என்பதும் பலர் நினைப்பது போல் முழுத் தடை இல்லை. சாதனத்தைப் பார்த்துத் தானாக ஏறுவதை மட்டும் அது தடுக்கும். இன்னொரு மாட்யூல் தன் தேவைக்காகக் கூப்பிட்டால் வந்துவிடும். முழுதாகத் தடுக்க 'இன்ஸ்டால்' என்று தொடங்கி, மாட்யூல் பெயரும் '/பின்/ஃபால்ஸ்' என்பதும் கொண்ட வரி வேண்டும். மாற்றிய பிறகு, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்புக்கும் அது போய்ச் சேர, டெபியன், உபுண்டுவில் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ', ஃபெடோராவில் 'டிராகட் -எஃப்', ஆர்ச்சில் 'எம்கேஇனிட்சிபிஐஓ -பி' ஓட்டி ரீபூட் செய்யுங்கள். ஆர்ச்சில் அந்த 'பி' பெரிய எழுத்து.

எழுதிய மதிப்பு உண்மையில் எடுபட்டதா என்பதைக் கோப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. '/சிஸ்/மாட்யூல்/எஸ்என்டி_இன்டெல்_டிஎஸ்பிசிஎஃப்ஜி/பாராமீட்டர்ஸ்/டிஎஸ்பி_டிரைவர்' என்ற கோப்பைப் படித்தால் ஓடும் கர்னல் கையில் இருக்கும் எண் தெரியும். அது சரி என்றால், மோட்புரோப்.டி கோப்பில் அந்த வரிக்கு மேலே # போட்டு, எந்தக் கர்னல் பதிப்புக்காக, எந்தத் தேதியில், எது வேலை செய்யாததால் எழுதினீர்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அடுத்த கர்னல் வந்ததும் முதல் வேலையாக அந்த வரியை எடுத்துவிட்டுச் சோதிக்கலாம்.